மார்மன் சமயத்தின் தொடக்கக் கதையை ஆவணங்களோடு ஒப்பிட்டால்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. ஜோசப் ஸ்மித் என்ற அமெரிக்க இளைஞர் ஒரு குன்றிலிருந்து தங்கத் தகடுகளை எடுத்து, அவற்றை மொழிபெயர்த்து, மார்மன்கள் வேதமாகக் கருதும் மார்மன் புத்தகத்தை வெளியிட்டார் என்பதற்கு வரலாற்று ஆதாரம் ஏதும் உண்டா என்பது முதல் பகுதி. இல்லையென்றால் அவர் வெறும் ஏமாற்றுக்காரர்தானா என்பது இரண்டாவது. முதலாவதற்கு என் பதில் இது: தகடுகளுக்கு ஆதாரம் இல்லை; தகடுகளைச் சுற்றி நடந்தவற்றுக்கு ஏராளமான ஆதாரம் இருக்கிறது, சிக்கலை உண்டாக்குவதும் அந்த ஆதாரம்தான். இரண்டாவதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய சமயங்களின் தோற்றத்தை ஆராய்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை, நிகழ்ச்சி நடந்து பல ஆண்டுகள், சில வேளைகளில் பல தலைமுறைகள், கழித்து எழுதப்பட்ட ஏடுகள். மார்மன் சமயத்தின் நிலை வேறு. 1805 டிசம்பர் 23 அன்று வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்த ஸ்மித்தின் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் மேற்கே பல்மைரா வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்து வாழ்ந்த காலத்தில், அங்கே செய்தித்தாள் இருந்தது, அச்சகம் இருந்தது, மாஜிஸ்திரேட் இருந்தார், திருச்சபைகளில் உறுப்பினர் பதிவேடு இருந்தது. அந்த வட்டாரத்தை வெளியுலகோடு இணைத்த ஈரி கால்வாயும் 1825இல் திறந்துவிட்டது. எனவே ஒவ்வொரு கூற்றையும் எடுத்துக்கொண்டு, இதை முதன்முதலில் எழுத்தில் வைத்தவர் யார், எந்த ஆண்டில் வைத்தார், அதற்கு முன்பு அதே ஆள் என்ன சொல்லியிருந்தார் என்று கேட்க முடிகிறது. அப்படிக் கேட்பதைச் சமய நிந்தனையாகக் கருதவும் தேவையில்லை. தகடுகள் உண்மையான உலோகத் தகடுகள், அவற்றில் பேசப்படும் நேபியர்கள் உண்மையாக வாழ்ந்த மக்கள் என்று சொல்லித்தான் அந்தச் சபை தன்னை நிறுவிக்கொண்டது. வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர்களே.

முதல் தரிசனத்திலிருந்து தொடங்குவோம். இன்று மார்மன்களின் சபையான பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரிகள் வீட்டு வாசலில் நின்று சொல்லும் கதை 1838இல் எழுதத் தொடங்கிய வரலாற்றிலிருந்து வருவது. 1820 வசந்த காலத்தில், ஊரெங்கும் சமய எழுச்சிக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, எந்தச் சபையில் சேர்வது என்று அறியப் பதினான்கு வயதுச் சிறுவன் தோப்புக்குள் போய் ஜெபித்தான். பிதாவும் குமாரனும் இரண்டு தனித்தனி உருவங்களாக அவன்முன் தோன்றினார்கள். எல்லாச் சபைகளுமே தவறானவை என்றார்கள். எல்லாமே தவறாக இருக்கும் என்ற எண்ணம் அதுவரை தன் மனத்தில் எழுந்ததே இல்லை என்றும் அதில் ஸ்மித் சொல்கிறார்.

ஆனால் 1832இல், பாதிக்குமேல் தம் சொந்தக் கையாலேயே, ஸ்மித் எழுதிய வேறொரு வரலாறு இருக்கிறது. அதில் அவர் ஜெபிக்கப் போவது பாவமன்னிப்புக்காக. வேதத்தைப் படித்தே எந்தச் சபையும் சரியில்லை என்ற முடிவுக்கு முன்னதாக வந்துவிட்டதாக அதில் எழுதுகிறார். வயது பதினாறாம் ஆண்டு என்று இருக்கிறது. தோன்றுபவர் ‘கர்த்தர்’ ஒருவரே என்பதுதான் அதன் இயல்பான வாசிப்பு. இந்த வரலாறு ஒரு கடிதப் பதிவேட்டின் தொடக்கத் தாள்களில் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் எப்போதோ யாரோ அந்த மூன்று தாள்களைப் பதிவேட்டிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிறகு அவை மறுபடி ஒட்டப்பட்டன. 1965இல் சபையின் சொந்தப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் வெளிவரும் வரையில் பொதுமக்களுக்கு இப்படியொரு வரலாறு இருப்பதே தெரியாது. 1835இல் சொன்ன இன்னொரு வடிவத்தில் இரண்டு உருவங்களோடு தேவதூதர்கள் பலரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

மனித நினைவு மாறக்கூடியதுதான், ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வது இயல்புதான் என்று சபை சொல்லும் விளக்கம் முற்றிலும் வெற்று விளக்கமன்று. ஆயினும் இங்கே மாற்றம் ஒரே திசையில் போகிறது. மார்மன் புத்தகத்தின் 1830ஆம் ஆண்டு முதற்பதிப்பில், அதன் தொடக்கப் பகுதியான நேபியின் முதல் நூல், கன்னி மரியாளை ‘தேவனுடைய தாய்’ என்கிறது. 1837 பதிப்பில் அது ‘தேவகுமாரனுடைய தாய்’ என்று திருத்தப்படுகிறது. பிதாவும் குமாரனும் வேறு வேறானவர்கள் என்ற கோட்பாடு ஸ்மித்திடம் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில், தரிசனத்தில் தோன்றிய உருவங்களின் எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து இரண்டாகிறது. எனக்கு இது தற்செயலாகப் படவில்லை.

ஊரையே உலுக்கிய எழுச்சி நடந்த ஆண்டு பற்றியும் சண்டை உண்டு. பல்மைரா திருச்சபைகளின் பதிவேடுகளில் உறுப்பினர் எண்ணிக்கை பெருகியது 1824–25இல் என்று 1967இல் எடுத்துக்காட்டப்பட்டது. 1820க்கு அருகிலும் மெதடிஸ்டுகள் கூட்டம் போட்டார்கள் என்பது சபைத் தரப்பினரின் பதில். அந்த ஆண்டு ஜூன் மாதம் உள்ளூர்ச் செய்தித்தாளில், கூட்டத்துக்குப் போன ஒருவன் குடித்துவிட்டு இறந்துபோன செய்தி வந்திருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். இந்த விவாதத்தில் நான் அதிகம் பணயம் வைக்க மாட்டேன்.

அடுத்தது புதையல். நம் ஊரில் தொலைந்த பொருளுக்கு மைபோட்டுப் பார்ப்பதுபோல, அன்றைய நியூயார்க், வெர்மாண்ட் கிராமங்களில் கல்லைத் தொப்பிக்குள் போட்டு, வெளிச்சம் புகாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு, பூமிக்கடியில் இருப்பதைச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். இளம் ஸ்மித் அவர்களில் ஒருவர். 1825இல் ஜோசையா ஸ்டோவெல் என்ற பண்ணைக்காரர், ஸ்பானியர்கள் விட்டுப்போனதாகக் கருதப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தைத் தேட அவரைக் கூலிக்கு அமர்த்தினார். மறு ஆண்டு அது வழக்காகியது. 1971இல் நியூயார்க் மாநிலம் நார்விச் நகரத்துச் சிறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்த பழைய காகிதக் கட்டுகளிலிருந்து, மாஜிஸ்திரேட் ஆல்பர்ட் நீலி மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பிய கட்டணச் சீட்டு ஒன்று வெளிவந்தது: ‘கண்ணாடிக்கல் பார்ப்பவன் ஜோசப் ஸ்மித், 1826 மார்ச் 20, சிறு குற்றம், விசாரணைக்கு என் கட்டணம் 2.68 டாலர்’. யாரையும் புகழவோ பழிக்கவோ எழுதப்படாமல் காசு வாங்குவதற்காக எழுதப்பட்ட இப்படிப்பட்ட சீட்டுக்கு, பிற்கால நினைவுக்குறிப்புகள் பத்தைக் காட்டிலும் நான் அதிக மதிப்பளிப்பேன்.

இதன் முக்கியத்துவம் என்னவென்றால், தகடுகளை மொழிபெயர்த்த முறையும் அதே முறைதான். ஸ்மித் தகடுகளைக் கண்முன் விரித்துவைத்து விரலால் வரியைத் தொட்டபடி படிப்பதாகச் சபையின் ஓவியங்கள் நெடுங்காலம் காட்டின. அவருடைய மனைவி எம்மா 1879இல் சொன்னது வேறு: அவர் முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு, அதிலிருந்த கல்லைப் பார்த்தபடி மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே போவார், எம்மா எழுதுவார், தகடுகள் ஒரு சிறு லினன் மேசைத்துணியில் சுற்றியபடி மேசைமேல் கிடக்கும், துணிக்கு மேலே தொட்டுப் பார்த்தபோது புத்தகத்தின் ஓரத்தைப் பெருவிரலால் நெருடினால் எழுவதுபோல உலோகச் சத்தம் எழுந்தது. கையில் வேறு புத்தகமோ கையெழுத்துப் பிரதியோ இருக்கவில்லை என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். நம்பிக்கையாளர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே பேட்டியில் எம்மா தம் கணவருக்கு வேறு மனைவியர் இருந்ததில்லை என்றும் உறுதியாகச் சொன்னார். ஸ்மித் 30 முதல் 40 பெண்கள் வரை மணந்திருக்கலாம் என்பதைச் சபையே 2014இல் ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பேட்டியின் எந்த வரியையும் எழுத்துக்கு எழுத்து நம்ப முடியாது. கல்லின் கதை நிற்பது, தொப்பியையும் கல்லையும் வேறு பலரும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருப்பதால். முட்டை வடிவில் பழுப்பு நிறமான அந்தக் கல்லின் புகைப்படத்தைச் சபையே 2015 ஆகஸ்டில் வெளியிட்டது.

வேலை வேகமாக நடந்தது என்பதும் உண்மை. முதலில் எழுதிய 116 பக்கங்களை 1828இல், ஸ்மித்தின் ஆதரவாளரும் அப்போதைய எழுத்தருமான மார்ட்டின் ஹாரிஸ் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டார். அதே பகுதியை மறுபடி மொழிபெயர்க்க வேண்டாம், அதே காலத்தைச் சொல்லும் வேறு தகடுகள் இருக்கின்றன என்று ஸ்மித்துக்குத் தேவனிடமிருந்து வெளிப்பாடு வந்தது. தொலைந்த பக்கங்கள் திரும்பக் கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுவிடுவார்களே என்ற கவலையை அந்த வெளிப்பாடே வாய்விட்டுச் சொல்கிறது: பகைவர்கள் எழுத்தைத் திருத்தி வைத்திருப்பார்களாம். 1829 ஏப்ரலில் ஆலிவர் கௌடரி எழுத வந்து சேர்ந்தார். ஜூன் முடிவதற்குள் நூல் முடிந்தது. ஹாரிஸ் தம் பண்ணையை அடகு வைத்து 3,000 டாலருக்குப் பொறுப்பேற்க, 1830 மார்ச்சில் 5,000 பிரதிகள் பல்மைராவில் அச்சாகின.

நூலுக்குள் இருப்பதைப் பார்த்தால், கி.மு. 600 அளவில் எருசலேமை விட்டுக் கிளம்பிய லேகியின் குடும்பம் கடல்கடந்து அமெரிக்கா போகிறது. அவர்கள் எடுத்துப்போன பித்தளைத் தகடுகளிலிருந்து பைபிளின் ஏசாயா நூலின் அதிகாரங்கள் முழுதுமாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றில் 48ஆம் அதிகாரத்துக்குப் பிற்பட்டவையும் உண்டு. பெரும்பாலான வேத ஆய்வாளர்களின் கணிப்பில் அவை பாபிலோன் சிறையிருப்புக் காலத்தவை, அதாவது லேகி கப்பலேறியதற்குப் பிறகு எழுதப்பட்டவை. இது கணிப்பு என்று ஒதுக்குபவர்கள் இன்னொரு சிறு எழுத்தைக் கவனிக்கலாம். ஏசாயாவில் வரும் ஒருவகைத் தேவதூதர்களைக் குறிக்கும் ‘சேராபீம்’ என்பதே எபிரேயத்தில் பன்மை. ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில பைபிளில் அதற்குமேல் இன்னொரு ஆங்கிலப் பன்மை விகுதியையும் ஒட்டிவைத்தார்கள். (நம் தமிழ் வேதாகமமும் ‘சேராபீன்கள்’ என்று இரட்டைப் பன்மை போடுகிறது.) 1611இல் லண்டனில் அச்சான அந்த வழு, 1,400 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த தகடுகளின் மொழிபெயர்ப்பிலும், அதன் 1830 முதற்பதிப்பில், அப்படியே இருந்தது. மத்தேயுவின் மலைப்பிரசங்கமும் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலத்திலேயே வருகிறது.

குதிரை, எஃகு, கோதுமை, ரதம் பற்றிய ஆட்சேபங்கள் பலருக்கும் தெரிந்தவை. கொலம்பஸுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் குதிரை அற்றுப்போய்விட்டது, ஸ்பானியர்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். குதிரை என்றது டேபிர் என்ற பன்றி போன்ற அமெரிக்க விலங்கைத்தான் என்ற சமாதானத்தை நான் விவாதிக்கப் போவதில்லை. மரபணு ஆய்வுகள் அமெரிக்கப் பூர்வகுடிகளின் வேர்களை ஆசியாவின் வடகிழக்குக்குக் கொண்டுபோகின்றன. 1981 முதல் நூலின் முன்னுரையில், லேகியின் வழிவந்த மற்றொரு மக்களான லாமானியர் பூர்வகுடிகளின் ‘முதன்மை மூதாதையர்’ என்றிருந்ததை, சபை 2006இல் ‘மூதாதையர்களுள் சேர்ந்தவர்கள்’ என்று மாற்றிக்கொண்டது.

இந்தக் கேள்விகளை முதலில் ஒழுங்காக அடுக்கியவர்கள் பகைவர்கள் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது. பி. எச். ராபர்ட்ஸ் சபையின் உயர் தலைவர்களுள் ஒருவர். வாழ்நாளெல்லாம் மார்மன் புத்தகத்துக்காக வாதாடியவர். 1921இல் ஓர் இளைஞனின் கேள்விகள் அவரிடம் வந்தன: பூர்வகுடிகளின் இத்தனை மொழிகள் ஆயிரம் ஆண்டுகளில் எப்படிப் பிரிந்திருக்க முடியும், குதிரை எப்படி வந்தது, பட்டு எப்படி வந்தது என்பன போன்றவை. பதில் தேடிப் புறப்பட்டவர் பதில் இல்லாமல் திரும்பினார். 1922 ஜனவரியில் சபைத் தலைவர்கள் முன்பு தம் ஆய்வை வைத்தபோது, அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நூல் உண்மை என்று விசுவாசச் சாட்சி கூறினார்கள்; கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அவர் மனம் நொந்தார். பிறகு, ஈத்தன் ஸ்மித் என்ற போதகர் (ஜோசப்புக்கு உறவில்லை) 1823இல் வெர்மாண்டின் பூல்ட்னியில் வெளியிட்ட, அமெரிக்கப் பூர்வகுடிகள் காணாமற்போன இஸ்ரவேலரே என்று வாதிக்கும் நூலுக்கும் மார்மன் புத்தகத்துக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிட்டார். எழுத்தராக வந்த கௌடரியின் குடும்பம் அதே பூல்ட்னியில் வசித்தது. ராபர்ட்ஸின் எழுத்து அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1985இல்தான் அச்சுக்கு வந்தது. ஸ்மித் அந்த நூலை 1830க்கு முன் படித்தார் என்பதற்கு நேரடி ஆவணம் இல்லை. அந்தக் கருத்து ஊரில் காற்றோடு கலந்திருந்தது என்பதுதான் ராபர்ட்ஸின் வாதத்தின் வலுவான பகுதி.

சந்தேகிப்பவர்களும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய கதையைத் திருடித்தான் மார்மன் புத்தகம் உருவானது என்று 1834 முதல் அரை நூற்றாண்டு காலம் அமெரிக்கா முழுதும் பேசியது. 1884இல் அவரது கையெழுத்துப் பிரதி ஹோனலூலுவில் கிடைத்தது. அதில் ரோமானியர்கள் அமெரிக்காவில் கரையேறுகிறார்கள். மார்மன் புத்தகத்தோடு சொல்லும்படியான ஒட்டுறவு இல்லை. 1980களில் மார்க் ஹாஃப்மன் என்ற ஆவண வியாபாரி பழைய மார்மன் ஆவணங்களை அடுக்கடுக்காகப் போலியாகத் தயாரித்து விற்றபோது, தகடுகளைக் காத்தது வெள்ளைச் சாலமாண்டர் (பல்லி போலத் தோன்றும் நீர்நில உயிரி) என்று கூறும் கடிதத்துக்குச் சபையின் வரலாற்றாசிரியர்கள் சிலரே விளக்கம் சொல்ல முற்பட்டார்கள். அது போலி என்று முதலில் எழுதியவர்களுள் ஒருவர் ஜெரால்ட் டானர், சபையின் மிகக் கடுமையான விமர்சகர். தம் தரப்புக்கு இனிக்கும் ஆவணத்தையே அவர் ஐயத்தோடு புரட்டிப் பார்த்தார்.

சாட்சிகள் பதினொருவர் இருக்கிறார்களே என்று கேட்பார்கள். கௌடரி, டேவிட் விட்மர், ஹாரிஸ் மூவரும் தேவதூதனோடு தகடுகளைக் கண்டதாகவும், இன்னும் எட்டுப் பேர் தகடுகளைக் கையால் தொட்டதாகவும் அறிக்கை இருக்கிறது. எட்டுப் பேரும் விட்மர், ஸ்மித் என்ற இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒருவர் விட்மர்களின் மருமகன். தேவதூதனைக் கண்டதாகச் சொன்ன முதல் மூவரும் பின்னாளில் ஸ்மித்தோடு முறித்துக்கொண்டார்கள். அப்போதும் தாங்கள் கண்டதை மறுக்கவில்லை. இது எளிதில் தள்ளக்கூடிய செய்தியன்று. ஆனால் ஸ்மித் இறந்த மறு ஆண்டே, 1845 செப்டம்பரில், ஸ்மித்தின் வாரிசு தாமே என்று சொல்லிக்கொண்ட ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர் விஸ்கான்சினில் ஓர் ஓக் மரத்தடியைத் தோண்டச் சொல்லித் தகடுகள் எடுத்தார். அதற்கும் நான்கு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஹாரிஸ் 1846இல் அந்த ஸ்ட்ராங்கின் தரப்புக்காக இங்கிலாந்துக்கே போனார். சாட்சி எண்ணிக்கையை வைத்து ஸ்மித்தின் தகடுகளை ஏற்பவர், ஸ்ட்ராங்கின் தகடுகளை எந்தக் காரணம் சொல்லி விலக்குவார் என்பதற்கு நான் நல்ல பதில் கண்டதில்லை.

இவையெல்லாம் சூழ்நிலைச் சான்றுகள்; மூலத் தகடுகள் கையில் இல்லாததால் மொழிபெயர்ப்பை நேரே சோதிக்க வழியில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மூலமும் மொழிபெயர்ப்பும் இரண்டும் இருக்கின்றன. 1835 ஜூலையில் மைக்கேல் சாண்ட்லர் என்ற காட்சிக்காரர் நான்கு எகிப்திய மம்மிகளோடும் பாப்பிரஸ் (நாணல்தாள்) சுருள்களோடும் ஒஹையோவின் கர்ட்லாண்டுக்கு வந்தார். 2,400 டாலருக்கு அவற்றை வாங்கினார்கள். ஒரு சுருளில் ஆபிரகாம் எழுதியது இருக்கிறது என்று ஸ்மித் அறிவித்தார். 1842இல் மூன்று படங்களோடு ஆபிரகாமின் நூல் வெளிவந்தது. 1880 முதல் அது சபையின் வேதத்தின் பகுதி. சுருள்கள் 1871 சிகாகோ தீவிபத்தில் அழிந்தன என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1967இல் அவற்றின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து சபைக்குத் திரும்பி வந்தன.

எகிப்தியவியலாளர்கள் படித்தார்கள். அது ஹோர் என்ற பூசாரியோடு புதைக்கப்பட்ட ஈமச் சடங்கு ஏடு, ஆபிரகாமுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்ட, கிரேக்க வம்சத்தவரான தாலமியர் எகிப்தை ஆண்ட காலத்தது. முதல் படத்தில் ஆபிரகாமைப் பலியிடக் கத்தியோடு நிற்கும் பூசாரி என்று ஸ்மித் காட்டியவர் நரித்தலை கொண்ட எகிப்தியத் தெய்வமான அனூபிஸ். கிழிந்துபோன இடத்தில் நரித்தலைக்குப் பதிலாக மனிதத்தலையும் கையில் கத்தியும் வரைந்து நிரப்பியிருக்கிறார்கள். மூன்றாம் படம் இன்னும் துல்லியமானது. அதில் ஓர் உருவத்தைப் ‘பார்வோன் ராஜா, அவருடைய பெயர் தலைக்குமேலுள்ள எழுத்துகளில் இருக்கிறது’ என்று ஸ்மித் விளக்குகிறார். தலைக்குமேல் இருக்கும் எழுத்துகள் ‘ஈசிஸ்’ என்கின்றன. அது ஒரு பெண் தெய்வம், பெண்ணுடையில்தான் நிற்கிறது. எஞ்சிய துண்டுகளில் ஆபிரகாமின் பெயரோ அவர் வாழ்க்கை நிகழ்ச்சியோ எதுவும் இல்லை என்று 2014இல் சபையின் கட்டுரையே ஒப்புக்கொண்டது. காணாமற்போன பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது பாப்பிரஸ் வெறும் தூண்டுகோலாக இருந்து வெளிப்பாடு நேரே வந்திருக்கலாம் என்பது இப்போது சொல்லப்படும் விளக்கம். தூண்டுகோல் என்பதை விசுவாசமாக ஏற்கலாம். மூன்றாம் படத்தின் எழுத்துகளை அதைக்கொண்டு விளக்க முடியாது.

அப்படியானால் ஏமாற்றுக்காரர்தானா? இங்கேதான் நான் தயங்குகிறேன். ஏமாற்றுபவன் ஏமாறுபவர்களுக்கு முன்னால்தான் வேலை செய்வான். ஸ்மித்தும் அவருடைய எழுத்தர்களும் 1835இல் பல மாதங்கள் உட்கார்ந்து, பாப்பிரஸில் இருந்த எகிப்திய எழுத்துகளை இடப்பக்கத்தில் வரைந்து, எதிரே ஒலியும் பொருளும் எழுதி, ஐந்து படிநிலைகளாகப் பிரித்து, ஓர் எகிப்திய இலக்கணமே எழுத முயன்றிருக்கிறார்கள். அதில் ஓரெழுத்துக்குக்கூடப் பொருள் சரியில்லை. ஆனால் அதை அவர்கள் யாருக்கும் விற்கவில்லை, அச்சிடவில்லை, மேடையில் காட்டிப் பணம் கேட்கவில்லை. பொய் என்று தெரிந்தே செய்பவனுக்கு இப்படியோர் உழைப்பு எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்தப் பதிவேடு இன்று சால்ட் லேக் நகரத்தில் சபையின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படிநிலைக்கும் தாள்கள் ஒதுக்கித் தலைப்பிட்டிருக்கிறார்கள். எழுதிய பக்கங்கள் கொஞ்சம், இடையிடையே நிரப்புவதற்கென்று விட்ட வெற்றுப் பக்கங்கள் அதைவிட அதிகம்.